ஹாலுக்கு ஒரு கை பெயிண்ட்

அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் யாரிடமும் "கூடாது" என்று சொல்வதில்லை. "ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது வாசல் காவலாளியிலிருந்து துணைவேந்தர் வரை எல்லோருக்கும் தெரியும். வெகுகாலம் அது தெரியாமல் இருந்த ஒரே ஆள், அந்தப் பெயிண்ட்டை அடித்தவர்.

அவரை டிஸ்டம்பர் என்று கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குமாஸ்தா, "சுண்ணாம்புக்காரரே, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். இவர் ஏணியில் நின்றபடியே பணிவாக, "சுண்ணாம்பு இல்லைங்க, டிஸ்டம்பர்" என்று திருத்தியிருக்கிறார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் பிரிவிலேயே பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. மாணவர்களுக்கு டிஸ்டம்பர் அண்ணன். வீட்டில் கோபம் வந்தால் மனைவிக்கும் அவர் டிஸ்டம்பர்தான்.

மெலிந்த ஆள். அதிகம் பேசமாட்டார். சுவரில் கை வைக்கும் முன் புறங்கையால் ஒருதரம் தடவிப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோல. பீரோ நின்ற இடமானால் பீரோவை நகர்த்தித்தான் அடிப்பார். "பீரோவுக்குப் பின்னாடி யாருய்யா பார்க்கப் போறாங்க?" என்று கேட்டால், "பீரோவை நகர்த்துறவங்க பார்ப்பாங்க" என்பார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத சுவரில் அவர் பிரஷ் வைத்ததில்லை. அடிக்காத சுவரை அடித்தேன் என்று சொன்னதும் இல்லை. இந்த இரண்டாவது குணம்தான் மேலே இருப்பவர்களுக்கு ரொம்ப உபயோகமாகப் போயிற்று.

மேலிடத்தில் ஆள் மாறினால் அங்கே சுவர் மாறும். புதுத் துணைவேந்தர் வந்து உட்கார்ந்ததும் முதலில் நாற்காலியை மாற்றுவார், அடுத்து நிறத்தை. வெண்ணெய் நிறம் போய் வான நீலம் வரும். நீலம் போய் மஞ்சள் வரும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் இடத்துக்கு ஆள் போடமாட்டார்கள், அவர்களுடைய அறைகளைப் பூட்டிவைப்பார்கள். பூட்டிய அறைகளுக்கும் வெளிப்பக்கம் பெயிண்ட் உண்டு. அரசியலைப் பற்றி டிஸ்டம்பரிடம் யாராவது வாயைக் கிளறினால், "இப்பப் பிஸ்தா பச்சைங்க" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

ஹால் என்று சொன்னால் அது சமூக அறிவியல் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் நீள ஹால். வெளியிலிருந்து வருகிறவர்கள் அங்கேதான் பேசுவார்கள். மாணவர் கூட்டமும் அங்கேதான்.

முதல் தடவை அங்கே ஒரு பேச்சை நிறுத்தவேண்டி வந்தபோது பராமரிப்புப் பிரிவின் சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டு, "ஹால்ல தின்னர் டின்னைத் திறந்து வெச்சிட்டு, வாசல்ல 'பெயிண்ட் ஈரம்'னு ஒரு போர்டு மாட்டிட்டு வந்துடு" என்றார்.

"எந்தச் சுவருங்க அடிக்கணும்?"

"எதுவும் அடிக்க வேணாம்யா. வாடை வந்தாப் போதும்."

டிஸ்டம்பருக்குப் புரியவில்லை. "அடிக்காம ஈரம்னு எப்படிங்க போர்டு மாட்டுறது? நாளைக்கு யாராவது தொட்டுப் பார்த்தா என் வேலைக்குத்தானே கெட்ட பேரு?"

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். "உன் இஷ்டம்" என்றார். டிஸ்டம்பர் ஹாலுக்குப் போய் நாற்காலிகளை நடுவே தள்ளி, துணி போர்த்தி, மேடைக்குப் பின்சுவர் முழுவதையும் தேய்த்து ஒரு கை அடித்தார். நேரம் இருந்ததால் ஜன்னல் சட்டங்களுக்கும் எனாமல் கொடுத்தார்.

அன்று பேச வந்தவர் வெளியூரிலிருந்து வந்த வயதான வரலாற்றுப் பேராசிரியர். தோள்பையோடு வாசலில் நின்று போர்டைப் படித்தார். நம்பிக்கை இல்லாமல் உள்ளே வந்து சுவரில் விரலை வைத்தார். விரல் நீலமாயிற்று. "அட, நிஜமாவே ஈரம்தான். நான் வேற மாதிரி நினைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க தம்பி" என்று டிஸ்டம்பரிடம் சொல்லிவிட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார். ஒரு பெரிய மனிதர் தன் வேலையைத் தொட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டாரே என்று டிஸ்டம்பருக்கு அன்று முழுவதும் பெருமையாக இருந்தது. வீட்டில் வந்து சொன்னபோது மனைவி, "அவரு பேச வந்தாரா, சுவரைத் தொட வந்தாரா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மேலேயிருந்து ஒரு போன் வரும். சூப்பர்வைசர் வருவார். "ஹாலுக்கு ஒரு கை" என்பார். டிஸ்டம்பர் நிஜமாகவே அடிப்பார். மாணவர்கள் கோபத்தோடு வந்து தொட்டுப் பார்ப்பார்கள், கை ஈரமாகும், முணுமுணுத்துக்கொண்டு கலைவார்கள். பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. அடித்து அடித்துச் சுவர் தடித்தது. ஜன்னல்கள் எனாமல் மேல் எனாமல் ஏறிச் சட்டத்தோடு ஒட்டிப்போயின. "இந்த ஹால் வருஷத்துக்கு ஒரு விரக்கடை சுருங்குது. இன்னும் கொஞ்ச நாள்ல துணைவேந்தர் மட்டும்தான் உள்ள உட்கார முடியும்" என்று கேன்டீனில் ஒரு மாணவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த டிஸ்டம்பர் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கிற்று என்று நினைக்கிறேன். விளங்கியும் என்ன செய்ய? மறு தடவை சொன்னபோதும் போய் அடித்தார். கொஞ்சம் மெதுவாக அடித்தார், அவ்வளவுதான்.

அவர் மனைவி ஆரம்பப் பள்ளி ஒன்றில் ஆயாவாக இருந்தவள். பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, பானையில் தண்ணீர் நிரப்பி, மணி அடித்து வாழ்ந்தவள். அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். இப்போது அந்தக் கட்டடத்தில் ஓட்டுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவள் ஒரு ரெடிமேட் கடைக்கு வீட்டிலிருந்தே பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். பேச்சும் ஊசி மாதிரிதான், குத்தினாலும் கிழிந்ததைச் சேர்த்துவைக்கும்.

ஒரே மகள். அதே பள்ளியில் படித்தவள். அப்பா பெயிண்ட் அடிக்கும் பல்கலைக்கழகத்திலேயே கட்டணச் சலுகையில் படித்து, ஆராய்ச்சியும் அங்கேயே செய்தாள். சுற்று வட்டாரத்தில் அரசுப் பள்ளிகள் எப்படி மூடப்பட்டன என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். மூடிய பள்ளி ஒவ்வொன்றுக்கும் பஸ்ஸிலும் நடையிலுமாகப் போய் வந்தாள். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம் என்று அவள் அம்மா சொல்வாள். எழுதி முடித்துக் கொடுத்த பிறகு அது அலுவலகத்தில் வெகுநாள் கிடந்தது. கடைசியில் தேர்வாளர்கள் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டதால் வைவாவுக்குத் தேதி கொடுத்தே ஆகவேண்டியதாயிற்று. நாலு பேர் முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டிய வாய்மொழித் தேர்வு அது. சுற்றறிக்கையில் போட்ட தேதியில், போட்ட இடத்தில், கதவைத் திறந்துவைத்து நடத்தவேண்டும் என்பது விதி. இடம் மாறினால் பதிவாளரின் கையெழுத்தை மறுபடியும் வாங்கவேண்டும்.

அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியை அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். தேதி தள்ளிப்போனால் புது வழிகாட்டி வருவார். அது யாராக இருக்கும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வந்த துறைத்தலைவர்தான். அவர் அவளிடம் ஏற்கெனவே, "தலைப்பை மாத்தி, வேற ஏதாவது பண்ணுங்களேன்மா. எதுக்கு வம்பு?" என்று சொல்லியிருந்தார். ஆகவே அந்த ஒரு நாள் தப்பினால் அவள் உழைத்ததெல்லாம் பரணில் ஏறவேண்டியதுதான்.

அதற்கு முதல் நாள் மத்தியானம் டிஸ்டம்பர் ஸ்டோர் ரூமில் பிரஷ்களைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் வந்து கதவோரம் நின்றார். வழக்கமாக வாசலிலிருந்தே கத்துகிறவர். இன்று உள்ளே வந்து ஒரு டிரம் மேல் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலையில ஹாலுக்கு ஒரு கை" என்றார்.

"என்ன கலருங்க?" என்று டிஸ்டம்பர் பழக்கத்தில் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் கை நின்றது.

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான்."

"நாளைக்கு அங்க என் பொண்ணோட வைவா."

"தெரியும்யா. அதனாலதான் நேர்ல வந்தேன்." சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வேற ஆளை விட்டு அடிக்கலாம்னுதான் சொன்னேன். துணைப் பதிவாளர் கேட்கல. அந்தப் பொண்ணோட அப்பாவே அடிக்கட்டும், அப்பத்தான் ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான்னுட்டார். நான் என்னய்யா பண்றது? எனக்கும் வீட்ல ரெண்டு இருக்கு."

"உங்களை நான் ஒண்ணும் சொல்லலைங்க."

"சொல்லிடு. திட்டினாக்கூடப் பரவாயில்ல."

டிஸ்டம்பர் பிரஷ்ஷை உதறி ஆணியில் மாட்டினார். திட்டவில்லை. அவருக்கு யாரையும் திட்டி வழக்கம் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது உள்ளறையில் மகள் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறாள். மனைவி அடுப்படியில் விளக்கடியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சின்னக் குரலில் சொன்னார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஊர்ச் சுவரெல்லாம் அடிச்சு முடிச்சாச்சு. இப்பப் பொண்ணு நெத்தியில அடிக்கச் சொல்றாங்களாக்கும்" என்றாள்.

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசறேன். சத்தமாப் பேசியிருந்தா என் பள்ளிக்கூடம் இருந்திருக்கும்." அடுத்த சட்டையை எடுத்தாள். "அடிக்காதீங்கன்னு நான் சொல்லமாட்டேன். சொன்னா நாளைக்கு வேலை போச்சுன்னா என்னைத்தான் பார்ப்பீங்க. உங்களுக்கு எது தோணுதோ செய்யுங்க. அவகிட்ட மட்டும் இன்னைக்குச் சொல்லவேணாம். ஒரு ராத்திரியாவது தூங்கட்டும்."

அந்த நேரம் மகள் கூடத்துக்கு வந்தாள். "அப்பா, கொஞ்சம் உட்காருங்க. நீங்கதான் தேர்வாளர். ஒரு கேள்வி கேளுங்க."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"தெரிஞ்சதைக் கேளுங்க. அங்கயும் அப்படித்தான் கேட்பாங்க."

அவர் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சம் யோசித்தார். "உங்கம்மா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை ஏன் மூடினாங்க?" என்று கேட்டார்.

மகள் நின்றுகொண்டே சொன்னாள். "மூடணும்னு யாரும் உத்தரவு போடலைப்பா. அந்த மாதிரி ஒரு உத்தரவைத் தேடி நானும் அலைஞ்சேன், கிடைக்கல. முதல்ல கணக்கு டீச்சரை மாத்தினாங்க. அவங்க இடத்துக்கு ஆள் போடல. அப்புறம் ஓடு உடைஞ்சது, மாத்தித் தரல. மழையில ஒழுகுதுன்னு நாலு பேர் பிள்ளைகளை வேற பள்ளிக்கூடத்துல சேர்த்தாங்க. பிள்ளைங்க குறைஞ்சதுன்னு இன்னொரு டீச்சரையும் வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க. கடைசியா ஒரு அதிகாரி வந்து பார்த்துட்டு, பிள்ளைங்க இல்லை, அதனால மூடலாம்னு எழுதினார். அவர் எழுதினது பொய்யில்லைப்பா. நிஜமாவே பிள்ளைங்க இல்லை. அதான் இதுல கஷ்டமே. பொய் சொல்லவேண்டிய இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேலையைச் செஞ்சு அதை உண்மையாக்கிடறாங்க. அந்த அதிகாரிகூட நல்லவர்தான். ஒழுங்கா எண்ணிப் பார்த்துத்தான் எழுதினார்."

அவள் நிறுத்தினாள். "எப்படி இருக்கு?"

டிஸ்டம்பர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் பிஸ்தா பச்சை இருந்தது.

"நல்லா இருக்கு" என்றார். "தண்ணி குடிச்சிட்டுப் படுத்துக்கோ."

காலையில் அவர் நல்ல சட்டையைக் கேட்டார். வெள்ளைச் சட்டை, உறவில் ஏதாவது விசேஷம் என்றால் போடுவது. மனைவி தேய்த்துக் கொடுத்தாள். "பெயிண்ட் அடிக்கப் போறவருக்கு எதுக்கு வெள்ளைச் சட்டை?" என்று கேட்கவில்லை. அந்த வார்த்தையை வாயிலேயே வைத்துக்கொண்டு பொத்தானைப் போட்டுவிட்டாள். வேலைத் துணியைப் பையில் போட்டுக்கொண்டு அவர் முன்னதாகவே கிளம்பிவிட்டார்.

ஹாலில் யாரும் இல்லை. வாளி, ரோலர், பெயிண்ட் டின், ஏணி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார். போர்டை வாசலில் மாட்டினார். தின்னர் டின்னைத் திறந்தார். வாடை பரவிற்று. இனி துணி மாற்றவேண்டும், நாற்காலிகளை நடுவே தள்ளவேண்டும், தேய்க்கவேண்டும். புறங்கையால் சுவரைத் தடவினார். மாலை போட்டதுபோலக் கழுத்தில் துண்டு கிடந்தது. பையைத் திறக்க முடியவில்லை. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வேலை செய்து பழகியவர்களுக்குத்தான் தெரியும். அவர் கை இரண்டு தடவை ரோலர்ப் பக்கம் தானாகப் போயிற்று. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார், வகுப்பில் வாத்தியாருக்குப் பயந்த பையன்போல. அடிக்காத சுவரை அடித்தேன் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லப்போகிறார். போர்டு ஏற்கெனவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் வாசல்வரை வந்தார். மூக்கை உறிஞ்சினார். போர்டைப் பார்த்தார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டிஸ்டம்பர் அடித்திருப்பார் என்பதில் அவருக்கு என்ன சந்தேகம்? இறங்கிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் பேச்சுக்குரல் கேட்டது. முதலில் பேராசிரியை வந்தார். அவருக்குப் பின்னால் ரயிலில் வந்து இறங்கிய வெளித் தேர்வாளர், நரைத்த தலை, மூக்கில் கைக்குட்டை. அதற்குப் பின்னால் மகள், அவளோடு படிக்கிறவர்கள் சிலர். எல்லோருக்கும் கடைசியில் மனைவி, சுவரை ஒட்டி ஒதுங்கி நடந்து வந்தாள். வாசலில் துணைப் பதிவாளர் இவர்களுக்காகவே காத்திருந்ததுபோல நின்றிருந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. அவர் அதையும் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தார்.

"பாருங்க மேடம், எவ்வளவு சங்கடம். எப்பவோ போட்ட உத்தரவு, இன்னைக்குன்னு வந்து நிக்குது. ஹால் பூரா ஈரம். அடுத்த மாசம் ஒரு நல்ல தேதி பார்த்துக்கலாம்" என்றார்.

"அடுத்த மாசம் நான் இருக்கமாட்டேன்" என்றார் பேராசிரியை.

"யாராவது இருப்பாங்க மேடம். பல்கலைக்கழகம் எங்க போகப்போகுது?" துணைப் பதிவாளர் உள்ளே கையைக் காட்டினார். "நாங்க வேணும்னு செய்யல. பாருங்க, பொண்ணோட அப்பாவேதான் அடிச்சிக்கிட்டிருக்கார்."

எல்லோரும் உள்ளே பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். ஏணியடியில் வாளியோடு அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியதை டிஸ்டம்பர் கண்டார். நேற்றே தெரிந்துதான் தன்னிடம் கேள்வி கேட்டாரா என்று அவள் நினைப்பது அவருக்குத் தெரிந்தது. எழுந்து நின்றார். ஏதாவது சொல்லவேண்டும். சொல்ல வரவில்லை. அந்த ஹாலில் அத்தனை காலத்தில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வெளித் தேர்வாளர் கைக்குட்டையை எடுத்துவிட்டு, "எந்தச் சுவருங்க ஈரம்?" என்று கேட்டார்.

டிஸ்டம்பர் மேடைக்குப் பின்சுவரிடம் நடந்து போனார். திரும்பி நின்று, வெள்ளைச் சட்டையோடு முதுகை அதில் நன்றாகச் சாய்த்தார். தோளையும் அழுத்தினார். பிறகு பக்கச்சுவருக்குப் போய் அங்கேயும் சாய்ந்தார். மாடு உரசிக்கொள்வதுபோல இருந்தது. யாரோ ஒரு மாணவிக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். அவர் வாசலுக்கு வந்து எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றார்.

மனைவிதான் கிட்ட வந்து சட்டையை இழுத்துப் பார்த்தாள். "ஒரு பொட்டு இல்ல" என்றாள்.

"அடிக்கலையா?" என்றார் துணைப் பதிவாளர். வருத்தம் முகத்திலிருந்து போய்விட்டது. "காலையிலயே அடிச்சு வைக்கச் சொன்னேனேய்யா?"

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. எப்போதோ போட்ட உத்தரவு என்று சற்று முன் சொன்ன அதே வாய். வெளித் தேர்வாளர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். அவருடைய ஊர்ப் பல்கலைக்கழகத்திலும் ஏதாவது ஒரு ஹால் இருக்கும்.

"அப்ப நீங்க சாயங்காலம் அடிச்சுக்குங்க" என்றார் அவர். "நாங்க அதுக்குள்ள முடிச்சிடறோம்."

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஆனால் தின்னர் வாடை கண்ணைக் கரித்தது. டின்னை மூடி வெளியே கொண்டுபோனபிறகும் போகவில்லை. ஜன்னலைத் திறக்கலாம் என்று ஒரு மாணவன் இழுத்தான், அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. எல்லாமே டிஸ்டம்பர் மனசாரக் கொடுத்த எனாமலில் இறுகிக்கிடந்தன. அவர் பட்டி பூசும் தகட்டை எடுத்து வந்து சட்டத்தின் இடுக்கில் வைத்துச் சுரண்ட ஆரம்பித்தார். மகள் முன்னால் நின்று பேசத் தொடங்கினாள். அப்பாவின் தகடு கரக் கரக் என்று நடுவில் கேட்டது. அவள் ஒருதரம் நிறுத்தினாள். "நீங்க சொல்லுங்கம்மா, அவர் வேலையை அவர் பார்க்கட்டும்" என்றார் வெளித் தேர்வாளர்.

பிஸ்தா பச்சை உதிர்ந்தது, மஞ்சள் உதிர்ந்தது, நீலம் உதிர்ந்தது, வெண்ணெய் நிறம் உதிர்ந்தது. ஒவ்வொரு நிறத்தையும் எந்தத் துணைவேந்தர் காலத்தில் அடித்தோம் என்று அவருக்கு நினைவிருந்தது. யாரைத் திருப்பி அனுப்ப அடித்த பூச்சு எது என்பதும் நினைவு வந்தது. மகள் சொன்னதில் பாதிதான் அவர் காதில் விழுந்தது. கடைசியில் ஒரு ஜன்னல் மட்டும் முனகிக்கொண்டு திறந்தது. மற்றவை அன்றைக்குத் திறக்கவில்லை. ஒரு ஜன்னல் காற்றிலேயே வைவா முடிந்தது. வெளித் தேர்வாளரும் பேராசிரியையும் அங்கேயே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பேராசிரியை மகளைக் கட்டிக்கொண்டார். யாரோ பிஸ்கட் கொடுத்தார்கள். மனைவி அதில் ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மகள் அப்பாவிடம் வந்தபோது அவர் தரையில் உதிர்ந்ததைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"முன்னாடியே தெரியுமாப்பா?"

"நேத்துத்தான்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"என்ன செய்யப்போறேன்னு எனக்கே தெரியலம்மா. தெரியாததை எப்படிச் சொல்றது?"

சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, வேலைக்குத்தான் ஆயிற்று. சொன்ன பணியைச் செய்யவில்லை என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அவர் என்ன எழுதுவார்? "அடிக்கவில்லை" என்று ஒரே வரி மகளிடம் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வேலையை விட்டுத் தூக்கவில்லை. வெளி மதில்சுவருக்கு மாற்றிவிட்டார்கள். பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஓடும் மதில். நிழல் கிடையாது. ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனைக்கு வருவதற்குள் ஆரம்பித்த இடம் வெளுத்துப்போகும். முடியாத வேலை. அவருக்குத் தோள் வலிக்கிறது, கண் கூசுகிறது. ஓய்வு பெற இன்னும் நாள் இருக்கிறது.

மகளுக்கும் பட்டம் இன்னும் வரவில்லை. வைவா நடந்தது நடந்ததுதான், அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை. தேர்வாளர்களின் அறிக்கை கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். தலைப்பை மாற்றச் சொல்ல மட்டும் இனி யாராலும் முடியாது. அவள் ஒரு டுடோரியலில் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்பு இல்லாத நாளில் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு வந்து ஜன்னலில் நிற்பாள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் இப்போதெல்லாம் அவளைப் பார்த்ததும் கேட்கும் முன்பே தலையை ஆட்டிவிடுகிறாள். நல்ல பெண்தான். சில சமயம் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறாள்.

அப்படி வந்த ஒரு நாள் மகள் மதிலோரம் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு சூப்பர்வைசர் வந்தார். அவளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பிறகு சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

"புதுசா ஒருத்தனைப் போட்டிருக்காங்க உன் இடத்துல" என்றார் டிஸ்டம்பரிடம். "சொன்னதைச் சொன்னபடி செய்றான். டின்னைத் திறந்து வெச்சிட்டு டீ குடிக்கப் போயிடறான். அடிக்கிறதே இல்ல. பசங்க வந்து தொட்டுப் பார்த்துட்டு, 'காஞ்சு கிடக்கே'ன்னு சிரிச்சிட்டு உள்ள போய் உட்கார்ந்துடறாங்க. போன வாரம் ரெண்டு கூட்டம் நடந்துடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இப்பப் பூட்டு வாங்கி மாட்டிட்டாங்க. இவ்ளோ பெருசு. துணைப் பதிவாளர் கையில சாவி. பேச வந்தா, 'அனுமதி இல்லை'ன்னு நேரா சொல்லிடறாங்க."

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "அனுமதி இல்லைன்னே சொல்றாங்களா? வாயைத் திறந்து?"

"ஆமாம்மா. எழுதியே ஒட்டியிருக்காங்க. பசங்க அதைப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டானுங்க. பூட்டின கதவுக்கு முன்னாடி வராந்தாவுல உட்கார்ந்து கூட்டம் போடறானுங்க. எனக்குத்தான் தலைவலி." சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார். "நீ இருந்தவரைக்கும் எல்லாம் மரியாதையா நடந்துச்சு."

டிஸ்டம்பர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். உட்கார்ந்து எழுந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது, மகளின் தோளைப் பிடித்து நிமிர்ந்தார். வெயில் மதிலின் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும்.

"நீ போய்க் கேட்டுட்டு வா" என்றார் மகளிடம்.

"இன்னைக்கும் கையெழுத்துக்குப் போயிருக்குன்னுதான் சொல்வாங்க."

"சொல்லட்டும். நீ போய் நில்லு."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி அவர் பையில் வைத்துவிட்டு, துப்பட்டாவைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு அலுவலகத்தைப் பார்த்து நடந்தாள். அவர் உப்புத்தாளை எடுத்து அடுத்த பகுதியைத் தேய்க்கத் தொடங்கினார்.